கிழக்கே மேடு, மேற்கே பள்ளம்

செப்டம்பர் 28, சனி

முடிந்தது. மூன்று மாவட்டங்கள், ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மட்டக்கற்கள், எல்லாம் இப்போது என் கம்ப்யூட்டரில்.

நில அளவைத் துறையின் இணையதளம் ஒரு தடவைக்கு ஐம்பது கல்லின் விவரம்தான் தரும். ஐம்பது இறக்கியதும் நிறுத்திவிட்டு, நீங்கள் மனிதர்தானா என்று கேட்கும். சிக்னல் விளக்கு தெரியும் கட்டங்களையெல்லாம் தொட்டுக் காட்ட வேண்டும். இருபத்து மூன்று தடவை நான் மனிதன்தான் என்று நிரூபித்திருக்கிறேன். நாற்பத்து நான்கு வயதில் இவ்வளவு அக்கறையாக என்னை யாரும் விசாரித்ததில்லை.

அக்கா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு திரையை எட்டிப் பார்த்தாள்.

"எலே மணி, ஊர்ல உள்ள கல்லையெல்லாம் இதுல ஏத்தி என்ன செய்யப் போற?"

"போய்த் தேடப் போறேன்."

"கெடைச்சா?"

"போட்டோ எடுப்பேன்."

"அப்புறம்?"

"அடுத்த கல்லு."

அக்கா உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை தேடும் வீடுகளில் என்னைப் பற்றி எப்படிச் சொல்வது என்ற கவலையைப் பத்து வருஷம் முன்பே விட்டுவிட்டாள்.

மட்டக்கல் என்பது நான் வைத்துக்கொண்ட பெயர். கடல் மட்டத்திலிருந்து ஓர் இடம் எவ்வளவு உயரம் என்று மில்லிமீட்டர் சுத்தமாக அளந்து, பாலத்திலோ படிக்கட்டிலோ ஒரு சதுரம் வெட்டி அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியோடு தேடிப் போவது என் பொழுதுபோக்கு. மற்ற நேரத்தில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன்.

ஒரு சிக்கல் வந்தது. பட்டியலில் ஒவ்வொரு கல்லுக்கும் நீள நீளமாக ஏதோ எழுதியிருந்தது. கருவி அவ்வளவு எழுத்தை வாங்கவில்லை, திணறி நின்றுவிட்டது. கடைசி இரண்டு கட்டங்களை, 'இடம் அறிந்த முறை', 'விவரம்' இரண்டையும் அழித்துவிட்டேன். ஃபைல் பாதியாக இளைத்தது, கருவி மடமடவென்று வாங்கிக்கொண்டது. எண், இடம், உயரம் போதும். ஒரு கல்லைக் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

செப்டம்பர் 29, ஞாயிறு

மூன்று கற்களைத் தேடினேன். முதல் கல்லுக்கு அம்புக்குறி உப்பளப் பாத்தியின் நடுவில் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டு. மூன்றாவது இடத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. அது எழுந்திருக்கும்வரை அரை மணி நேரம் நின்றேன். எழுந்தது. கீழே கல் இல்லை.

அக்டோபர் 2, புதன்

காந்தி ஜெயந்தி, கடை லீவு. ஊருக்கு மேற்கே முத்தரசு நகர் என்று ஒரு காலனி. ஒரே நீளத் தெரு, இரண்டு பக்கமும் வீடுகள். மட்டக்கல் எண் 212 இந்தத் தெருவின் மேற்குக் கடைசி வீட்டுக்குள் இருப்பதாக அம்புக்குறி சொன்னது. காம்பவுண்டுச் சுவரை நான்கு தடவை சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் கதவு திறந்தது. முழங்கை வரைக்கும் மாவோடு ஒரு பெண்மணி.

"என்னத்த தேடுதிய?"

"கல்லு" என்றேன்.

"எல்லைக் கல்லா? புரோக்கர் அனுப்பின ஆளா நீங்க? உள்ள வந்து அளந்துக்கிடுங்க."

நான் புரோக்கர் அனுப்பிய ஆள் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கருவி வேறு உள்ளே போ, உள்ளே போ என்றது. போய்விட்டேன். பின்கட்டில் ஓர் அடுப்பறை, தட்டுத்தட்டாக ரஸ்க். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, வீடு முழுக்க, கதவு அலமாரி எதையும் விடாமல்.

"அது போன வருசத் தண்ணி" என்றார் அவர். "அதுக்கு ஒரு சாண் கீழ மங்கலாத் தெரியுதுல்ல, அது அதுக்கு முந்துன வருசம். வாங்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னுதான் வெள்ளையடிக்கல."

அப்போதுதான் நான் யார் என்பதைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார்.

பெயர் சுகந்தி. ரஸ்க்கும் பன்னும் செய்து கடைகளுக்குப் போடுகிறார். விவாகரத்தாகி ஆறு வருஷம். தன் உழைப்பில் வாங்கிய வீடு. மழை பெய்தால் தெருத் தண்ணீர் முழுக்க இங்கேதான் வந்து நிற்கிறது, மைதா மூட்டைகள் களியாகிவிடுகின்றன. இந்த மழைக்கு முன் காலனிச் சங்கம் வடிகால் கட்டப் போகிறது. கிழக்கே கொண்டுபோய் விடப் போகிறார்களாம்.

"கிழக்க கொண்டுட்டுப் போனா மறுபடி என் வாசலுக்குத்தான் திரும்பி வரும். நாலு வருசமா தண்ணி எங்கயிருந்து வருதுன்னு பாத்தவ நான். சொன்னா யாரும் கேக்கல. அந்த வடிகால் அப்படியே வந்தா வீட்ட வித்துட்டு ஓசூர்ல தம்பிகிட்டப் போயிருவேன். ஆளும் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

பிறகு என் கருவியை வாங்கிப் பார்த்தார். "எண் இருக்கு, உயரம் இருக்கு. எங்க இருக்குன்னு விவரமா ஒண்ணும் எழுதலையா?"

எழுதியிருந்தது, அழித்துவிட்டேன் என்றேன்.

"மைதா எம்புட்டு, சீனி எம்புட்டுன்னு வச்சுக்கிட்டு செய்முறைய அழிச்சாப்லயா?"

வெளியே வரும்போது நான்கு ரஸ்க் கொடுத்தார். நன்றாக இருந்தது. ரஸ்க்கைச் சொல்கிறேன்.

அக்டோபர் 3, வியாழன்

மானம் போயிற்று. 212-க்கான பக்கத்தை மறுபடி இறக்கிப் படித்தேன். 'இடம் அறிந்த முறை: பழைய வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்து எடுத்தது, நூற்றைம்பது மீட்டர் வரை தவறலாம்.' உயரம்தான் மில்லிமீட்டர் சுத்தம், இடம் குத்துமதிப்பு. கல்லைக் கண்டுபிடிக்க வேண்டியது விவரத்தை வைத்து. 'ஓடைப் பாலத்தின் வடக்குக் கைப்பிடிச் சுவர், கிழக்கு முனை, மேல்பக்கம் வெட்டிய சதுரம்.'

ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கற்களுக்கும் இதே மாதிரி எழுதியிருக்கிறது. பொறுமையாக எழுதிய யாரோ ஒருவரின் வேலையை நான் ஒரே அழுத்தில் அழித்துவிட்டு, எருமை எழுந்திருக்கக் காத்திருந்திருக்கிறேன்.

மறுபடி இருபத்து மூன்று தடவை மனிதன் என்று நிரூபிக்க வேண்டும்.

அக்டோபர் 5, சனி

சுகந்தி அவர்களிடம் விவரத்தைச் சொல்வது மரியாதை என்பதால் நேரில் போனேன். போனிலும் சொல்லியிருக்கலாம். நம்பர் வாங்கியிருக்கவில்லை. (இன்று வாங்கினேன், வேலை விஷயமாக.)

அவரும் வந்தார். ஓடைப் பாலம் அவர் வீட்டிலிருந்து நூற்று நாற்பது மீட்டர்தான். வடக்குக் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பும் போஸ்டரும் இஞ்ச் கனத்துக்கு ஏறியிருந்தது. மாவு சுரண்டும் தகட்டைக் கொண்டுவந்திருந்தார். பத்து நிமிஷம் சுரண்டினார். சதுரம் தெரிந்தது. பக்கத்தில் எழுத்துகளும் தெரிந்தன.

நான் இதுவரை பதினெட்டு கற்களைக் கண்டுபிடித்திருக்கிறேன், எல்லாம் தனியாக. இன்னொருவர் பக்கத்தில் நின்று "ஏங்க, இருக்கு, இருக்கு" என்று சொல்லிக் கேட்டது இன்றுதான். சந்தோஷமாக இருந்தது. வெகு சந்தோஷமாக இருந்தது.

நான் அச்செடுத்துக் கொண்டுபோன தாளை அவர் கையை முழுக்க நீட்டிப் பிடித்து வாசித்தார். அந்தத் தூரத்தைப் பார்த்ததுமே எனக்கு அவருடைய கண்ணாடி நம்பர் தெரிந்துவிட்டது. ஒன்றேகால். சொல்லவில்லை. நாற்பது வயதுப் பெண்களிடம் அதைச் சொல்லி நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

"ஒண்ணு புள்ளி எட்டு ஏழு நாலு மீட்டர். அப்படின்னா?"

"கடலைவிட இந்தச் சதுரம் அவ்வளவு உயரம்."

"தெரு கிழக்கு முனையில இதே மாதிரி உண்டா?"

கருவியில் பார்த்தேன். எண் 213. கிழக்கு முனையில் உள்ள பழைய பயணியர் விடுதியின் வாசற்படி. இரண்டு புள்ளி மூன்று ஒன்பது.

அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "கிழக்க மேடு. நான் சொன்னேன்ல."

அவசரப்படக் கூடாது என்றேன். அது படிக்கட்டின் உயரம், இது பாலத்தின் உயரம். தரை எவ்வளவு என்று இரண்டிலிருந்தும் இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

"அதுக்கு இந்தப் பொட்டி உயரம் சொல்லாதா?"

"சொல்லும். போன வாரம் எங்க வீட்டு மொட்டை மாடி கடலுக்கு மூணு மீட்டர் கீழ இருக்குன்னு சொல்லிச்சு."

அக்டோபர் 7, திங்கள்

ஆயுத பூஜை. அக்கா ஜி.பி.எஸ். கருவிக்கும் சந்தனம் வைத்தாள், நேராகத் திரையின் மேல். கடை மெஷின்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு, கிரைண்டர் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு ஜோடி லென்ஸ் தேய்த்தேன். ஏதோ ஒரு நம்பர். ஒன்றேகால்.

அக்டோபர் 10, வியாழன்

தேய்த்த லென்ஸ் வீணாகக் கூடாதே என்று ஒரு ஃபிரேமில் மாட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றார். முகம் சிவந்துவிட்டது. நான் கிளம்பத் திரும்பினேன். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மைதா மூட்டையின் அடியில் உள்ள பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

"இதுல இம்புட்டு எழுதியிருக்காங்களா" என்றார். பிறகு ஈஸ்ட் பாக்கெட், கேலண்டர், மின்சார மீட்டர். ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நான் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என் வேலையைப் பற்றி இவ்வளவு பெருமையாக ஒருநாளும் நினைத்ததில்லை.

அக்டோபர் 12, சனி

அந்தப் பக்கமாக வேலை இருந்தது. சுகந்தி வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வீடு வாங்குகிறவர்கள். அந்த ஆள் காம்பவுண்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சுவரைத் தட்டி என்ன தெரியப் போகிறது? வீட்டை விற்பதும் விற்காததும் அவரவர் விருப்பம். எனக்கு அதில் ஒன்றும் இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

அக்டோபர் 13, ஞாயிறு

சங்கத் தலைவர் தங்கதுரை அண்ணாச்சியைப் பார்க்கப் போனோம். தெருவின் கிழக்கு முனையில் வீடு. உட்கார வைத்து மோர் கொடுத்தார். நல்ல மனிதர், அதுதான் சங்கடம்.

"தம்பி, கடல் எந்தப் பக்கம் இருக்கு?"

"கிழக்க, அண்ணாச்சி."

"தண்ணி எங்க போவும்?"

"கடலுக்கு."

"பொறவு என்ன?"

"நடுவுல ரோடு இருக்கே அண்ணாச்சி" என்றார் சுகந்தி. "உங்க வாசல்ல மூணு தடவ ரோட்ட ஒசத்திப் போட்டாங்க. என் வாசல்ல ஒரு தடவகூடப் போடல. தண்ணி ஏறியா போவும்?"

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "சும்மா வாயால சொன்னா நான் எப்படிம்மா நாப்பது வீட்டுக்காரங்ககிட்டப் பேச முடியும்? அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்கடுத்த புதன்கிழமை பள்ளம் வெட்டுதோம். கூட்டத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியற மாதிரி எதையாவது காட்டுங்க. மாத்திருவோம்."

ஆறு நாட்கள் இருக்கின்றன.

அக்டோபர் 16, புதன்

விடிந்ததும் ஆரம்பித்தோம். பலவேசம் கொத்தனார் சுகந்தியின் வாடிக்கையாளர், தினமும் டீக்கு நான்கு ரஸ்க். தண்ணீர் நிரப்பிய முப்பது மீட்டர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப்பைக் கொண்டுவந்தார். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், அதை வைத்துத்தான் கட்டடத்தில் மட்டம் பார்க்கிறார்கள். பாலத்துச் சதுரத்தில் தொடங்கி, முப்பது முப்பது மீட்டராக நகர்ந்து, ஏறினதையும் இறங்கினதையும் எழுதி, விடுதிப் படியில் முடிக்க வேண்டும். இரண்டு கல்லுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஏட்டில் இருக்கிறது: 51.6 சென்டிமீட்டர். நம் கணக்கும் அங்கே போய் உட்கார்ந்தால் நடுவில் அளந்த எல்லாம் சரி. உட்காராவிட்டால் எல்லாம் குப்பை.

ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையைக் கொத்தனார். சுகந்தி கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினார். வாசல் பெருக்க வந்தவர்கள் எல்லாரும் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களா என்று கேட்டார்கள். ஒருவர் தன் மாமரத்தைக் காப்பாற்ற எங்களுக்குக் காபியே கொடுத்துவிட்டார்.

ஒன்பது மணிக்கு விடுதிப் படி. கூட்டிப் பார்த்தால் 60.6. ஒன்பது சென்டிமீட்டர் அதிகம்.

"கிழக்கு இன்னும் மேடாத்தானே காட்டுது?" என்றார் சுகந்தி. "நமக்குச் சாதகம்தானே?"

சாதகம்தான். அண்ணாச்சிக்கு ஏட்டுக் கணக்கு தெரியாது. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வெள்ளைக் கார் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் என்னால் முடியவில்லை.

"இது தப்புங்க" என்றேன். "உங்க வீட்டுக்கு நல்லதுன்னு தப்பான நம்பரைக் காட்டி, நாளைக்கு ஒரு மழையில அது வெளுத்துட்டா, அப்புறம் நீங்க உண்மையைச் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. மறுபடி முதல்ல இருந்து அளக்கணும்."

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். வெகுநேரம் பார்த்த மாதிரி இருந்தது. "சரி" என்றார். என்ன நினைத்தாரோ. இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்றவருக்கு ஆத்திரமாகத்தான் இருந்திருக்கும்.

இன்று கடையில் இரண்டு லென்ஸ் உடைத்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

கொத்தனார் போன் செய்தார். டியூப்பைக் கழுவும்போது பார்த்தாராம், ஒரு மடிப்பில் பாக்கு அளவு காற்றுக்குமிழ். "காத்து உள்ள கெடந்தா தண்ணி பொய் சொல்லும் சார். தப்பு என் பேர்லதான். நாளைக்கு வாரேன்."

அக்டோபர் 18, வெள்ளி

50.9!

ஏழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அறுநூற்று இருபது மீட்டர் தூரத்துக்கு, பிளாஸ்டிக் டியூப்பை வைத்துக்கொண்டு, மூன்று பேர். விடுதிப் படியில் கூட்டி முடித்ததும் கொத்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். சுகந்தி சிரித்துச் சிரித்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் ஆடினேன் என்று கொத்தனார் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அப்படி ஒன்றும் இல்லை. கையைத்தான் தூக்கினேன்.

தரைக் கணக்கு: தெருவின் கிழக்கு முனை சுகந்தி வாசலைவிட ஒன்றரை அடிக்குமேல் உயரம். அவர் நான்கு வருஷமாகச் சொல்லி வந்தது அப்படியே.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று முழுவதும் நான் வரைபடம் போட்டேன். மூன்று கலர், அளவுகளோடு. பிரமாதமாக வந்திருந்தது. காலை ஏழு மணிக்கு சுகந்தியிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு" என்றார். "இத நாப்பது பேரும் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிருவாங்க."

வாளியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து வைத்திருந்தார். டியூப்பை வைத்துக்கொண்டு தெரு நெடுக, ஒவ்வொரு வீட்டு மதில் சுவரிலும், ஒரே மட்டத்தில் ஒரு நீலக் கோடு போட்டுக்கொண்டு போகலாம் என்றார். மழையில் தானே அழிந்துவிடும். அண்ணாச்சி வீட்டிலிருந்து ஆரம்பித்தோம். இரண்டு பேர் திட்டினார்கள். மாமரத்துக்காரர் வாளி தூக்கினார்.

பத்து மணிக்குக் கூட்டம். சுகந்தி எழுந்து நின்று, "நான் ஒண்ணும் பேசப் போறதில்ல. அந்த நீலக் கோட்டோட எல்லாரும் ஒரு தடவ நடந்து வாங்க. தண்ணி வந்து நின்னா அந்த மாதிரித்தான் நிக்கும்" என்றார்.

நடந்தார்கள். அண்ணாச்சி முன்னால். அவர் வாசலில் கோடு கணுக்காலுக்கு இருந்தது. பத்தாவது வீட்டில் கெண்டைக்கால். நடுத்தெருவில் முழங்கால். சுகந்தி வாசலுக்கு வந்தபோது கோடு தொடைக்கு ஏறியிருந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் நிற்கிறவர் மாதிரியே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"உங்க டியூப்ப எத வச்சு நம்புறது தம்பி?" என்று என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு கற்களைப் பற்றிச் சொன்னேன். ஏழு மில்லிமீட்டரைச் சொன்னேன். முதல் தடவை ஒன்பது சென்டிமீட்டர் தப்பியதையும் சொன்னேன்.

அவர் சுகந்தி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத முன்னமே சொல்லியிருக்கலாம்லா?"

"நாலு வருசமா சொல்லுதேன் அண்ணாச்சி."

அவர் தலையை ஆட்டினார். "சொன்ன. நான்தான் கேக்கல." பிறகு எல்லாரையும் பார்த்து, "வடிகால் மேற்க, ஓடைக்கு. யாருக்காவது ஆட்சேபனை உண்டா?" என்றார். ஒருவருக்கும் இல்லை.

வீடு விஷயம் என்ன ஆயிற்று என்று சுகந்தியிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வடிகால் கட்டி, அது வேலை செய்கிறதா என்று ஒரு மழை பார்த்துத்தானே முடிவெடுப்பார். அதற்குள் அந்த வெள்ளைக் கார்க்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால்?

எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று மறுபடி எழுத வந்தேன். பேனா எழுதவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

தீபாவளி. சுகந்தி வீட்டுக்கு வந்திருந்தார். அக்காவும் அவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் மொட்டை மாடியில் கருவியின் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். அது இரண்டு நிமிஷ வேலை.

நவம்பர் 6, புதன்

வடிகால் முடிந்தது. அடியில் சரிவு சரியாக இருக்கிறதா என்று கான்கிரீட் போடுமுன் கொத்தனாரும் நானும் மூன்று தடவை பார்த்தோம். இனி மழைதான் வர வேண்டும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு மனிதன் மழைக்காக இப்படிக் காத்திருப்பதைக் கண்ணாடிக் கடையில் யாரும் பார்த்ததில்லை. ஏன் வாசலுக்குப் போய்ப் போய்ப் பார்க்கிறாய் என்று முதலாளி கேட்டார். கண்ணுக்கு ஓய்வு என்றேன்.

நவம்பர் 11, திங்கள்

தூறல். ரோடு நனையக்கூட இல்லை.

நவம்பர் 13, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நிமிஷத்தில் எதிர்க் கடை தெரியவில்லை. முதலாளியிடம், அரை மணியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். தெரு முனைக்கு வருமுன்னே வண்டி நின்றுவிட்டது. தள்ளிப் போட்டுவிட்டு ஓடினேன்.

தெருவில் பாதிப் பேர் குடையோடு நின்றார்கள். தங்கதுரை அண்ணாச்சிக்குக் குடைகூட இல்லை. வடிகாலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு, காகிதம், இலை, ஒரு ரப்பர் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு மேற்கே போனது. சுகந்தி வாசலைத் தாண்டியது. நிற்கவில்லை. பாலத்தடியில் ஓடையில் போய் விழுந்தது. "கடல் கிழக்க இருக்கு, இது மேற்க ஓடுதே" என்று அண்ணாச்சி சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே செருப்பின் பின்னாலேயே பாலம் வரைக்கும் போனார்.

சுகந்தி கேட்டுக்குள் நின்றிருந்தாள். வாசற்படி காய்ந்து கிடந்தது. நான் போய் எதிரில் நின்றேன். இதற்காகத்தான் ஒன்றரை மாதம் அலைந்தேன். வாயிலிருந்து வந்ததோ வேறு.

"வீட்ட விக்கிறதா சொன்னியளே, அது..."

"அதுவா? அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"எப்ப? இப்பவா?"

"போன மாசம். பதினாறாந் தேதி."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாறாம் தேதி என்றால் ஒன்பது சென்டிமீட்டர் தப்பிய நாள். வரைபடம், கோடு, கூட்டம் எதுவும் இல்லை. வடிகால் கிழக்கே போவதாக இருந்த நாள்.

"அன்னைக்கு நம்ம அளந்ததே தப்பால்ல போச்சு?"

"தப்பாத்தான் போச்சு. எனக்குச் சாதகமா வந்த தப்ப எனக்காகவே வேண்டாம்னு சொன்னிய. அப்படி ஒரு ஆளை நான் பாத்ததில்ல." மழையில் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது, அதனால் தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "சாயங்காலமே போன் போட்டுச் சொல்லிட்டேன். தண்ணி வந்தா வரட்டும், மூட்டைய மேல தூக்கி வச்சுக்கிடலாம், கூடப் பிடிக்க ஆளு இருக்குன்னு நெனச்சேன்."

நான்கு வாரங்கள். சாப்பாடு இறங்காமல், வெள்ளைக் கார் எதைப் பார்த்தாலும் உள்ளே யார் என்று எட்டிப் பார்த்து, மொட்டை மாடியில் பேட்டரி மாற்றி, நான்கு வாரங்கள்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கலயே. கல்லப் பத்திப் பேசுனிய, குமிழப் பத்திப் பேசுனிய, சரிவப் பத்திப் பேசுனிய. என்னைக்காவது கேப்பியன்னு நானும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு மெதுவாக, "கூடப் பிடிக்க ஆளு இருக்கா, இல்லையா?" என்றாள்.

எனக்குச் சுகந்தியைப் பிடித்திருக்கிறது. அவள் இந்த ஊரை விட்டுப் போயிருந்தால் நான் செத்திருக்க மாட்டேன், லென்ஸ் தேய்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கல் தேடிக்கொண்டு இருந்திருப்பேன். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

"இருக்கு" என்றேன். போதாது என்று தோன்றியது. நாற்பது வீட்டுக்காரர்கள் குடை பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, "இருக்கேன்" என்றேன்.

அவள் கேட்டைத் திறந்தாள். கடைக்கு நான் இன்று திரும்பிப் போகவே இல்லை.